பனிநாட்டுச் சடைநாய் வாங்குமுன்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரங்களில் தோட்டங்களும் வீட்டு மனைகளும் இன்று அடுத்தடுத்து அமைந்துள்ளன. மோட்டார், மின்கம்பி, விளைபொருள், ஆடு, கோழி ஆகியவற்றிற்குக் காவல் தேவைப்படுகிறது. இதற்காக ஓநாய் போன்ற தோற்றமுடைய சைபீரியன் ஹஸ்கி, அலாஸ்கன் மாலமூட், பஞ்சுப்பொதி போன்ற சமோயிட் முதலிய பனிநாட்டு நாய்களை வாங்கச் சிலர் விரும்புகின்றனர். பட்டமும் மண்ணும் பார்த்து விதை வாங்கும் உழவர்கள், நாய் வாங்கும்பொழுதும் அவ்வாறே பார்த்தல் நலம்.

பிறந்த இடமும் பழகிய வேலையும்

ஹஸ்கி, சைபீரியாவின் வடகிழக்குக் கோடியில் வாழும் சுக்சி மக்கள் பனிவண்டி இழுக்க வளர்த்த நாய்களின் வழிவந்தது. 1908-ஆம் ஆண்டு வாக்கில் அலாஸ்காவிலுள்ள நோம் நகருக்குக் கொண்டுவரப்பட்டது. 1925-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அந்நகரில் டிப்தீரியா என்னும் தொண்டை அடைப்பான் நோய் பரவியபொழுது, நாய்வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சுமார் 1,085 கிலோமீட்டர் தொலைவை ஐந்தரை நாட்களில் கடந்து மருந்தைச் சேர்த்தன. சமோயிட், பனிநாட்டு மான் மந்தைகளை மேய்க்கவும் வண்டி இழுக்கவும் பயன்பட்ட இனம்.

இவற்றின் திறமை இழுத்தலிலும் ஓடுதலிலும் உள்ளது, காவலில் இல்லை. ஹஸ்கி புதியவரிடமும் வாலாட்டிச் செல்லும் இயல்புடையது. குரைப்பது குறைவு, ஊளையிடுவது அதிகம். வேலிக்கு அடியில் பள்ளம் தோண்டி வெளியேறும். கோழி, ஆட்டுக்குட்டி, பூனை ஆகியவற்றைத் துரத்திப் பிடிக்கும் குணமும் உண்டு. ஆகவே தோட்டக் காவலுக்கென இதை வாங்குவது, நெல் வயலுக்குக் கோதுமை விதை வாங்குவது போலாகும்.

வெப்பம் ஏன் தாங்காது?

இந்நாய்களுக்கு நீண்ட மேல்மயிர், அடர்ந்த அடிமயிர் என இரு அடுக்கு உண்டு. இவ்வடுக்கு உடல் வெப்பத்தை வெளிவிடாமல் காக்கிறது. நாய்க்கு உள்ளங்காலில் மட்டுமே சிறிது வியர்க்கும். மற்றபடி நாக்கை நீட்டி இரைத்து, வாயிலுள்ள ஈரம் ஆவியாவதாலேயே உடல் குளிர்கிறது. காற்றில் ஈரம் மிகுந்தால் ஆவியாதல் குறையும். எவ்வளவு இரைத்தாலும் பயன் இராது. சென்னை வட்டாரத்தில் வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்தே வருகின்றன. நுங்கம்பாக்கத்தில் 31.5.2003 அன்று 45 டிகிரி செல்சியஸ் பதிவாயிற்று. கடலிலிருந்து தள்ளியுள்ள ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகளுக்குக் கடற்காற்று வந்துசேரக் கூடுதல் நேரமாகும்.

எனவே ஏப்ரல் முதல் ஜூன் வரை பகலில் குளிரூட்டிய அறை தேவைப்படும். ஒரு டன் குளிர்சாதனம் மணிக்கு ஏறத்தாழ ஒரு யூனிட் மின்சாரம் எடுப்பதாகக் கொண்டால், நாளொன்றுக்கு 8 மணி நேரத்திற்கு மாதம் 240 யூனிட் ஆகும். இதனுடன் தீவனம், தடுப்பூசி, மருத்துவச் செலவையும் 12 முதல் 14 ஆண்டுகளுக்குக் கணக்கிட்டுப் பார்க்கவும். மின்தடையின்போது என்ன செய்வது என்பதையும் முன்னரே முடிவு செய்தல் வேண்டும்.

ஏற்கனவே வளர்ப்போர் கவனத்திற்கு

1. சூரிய உதயத்திற்கு முன்பும் இருட்டிய பின்புமே நடக்க விடவும். தார்ச்சாலையில் புறங்கையை வைத்துப் பார்த்துச் சூடு தாங்கினால் மட்டுமே அழைத்துச் செல்லவும்.

2. மயிரை ஒட்ட மழிக்கக் கூடாது. தோல் வெயிலில் வெந்துவிடும். நாள்தோறும் சீவி, உதிரும் அடிமயிரை நீக்கவும்.

3. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நனைந்த மயிரை அடிவரை உலர்த்தவும். இல்லையேல் தோல்நோய் பற்றும். அடர்ந்த மயிரில் உண்ணி மறைந்திருக்கும். காது மடல், விரலிடுக்குகளைத் தேடிப் பார்க்கவும். உண்ணிக் காய்ச்சல் உயிரைப் பறிக்கக் கூடியது.

4. வெறிநோய்த் தடுப்பூசியைத் தவறாது போடவும். எலித் தொல்லையுள்ள தோட்டங்களில் எலிக்காய்ச்சல் தடுப்பூசியும் அவசியம்.

5. கடும் இரைப்பு, கெட்டியான எச்சில், ஈறு சிவத்தல், வாந்தி, தள்ளாட்டம் ஆகியவை வெப்பத்தாக்கின் அறிகுறிகள். உடனே நிழலுக்குக் கொண்டு சென்று, உடல் முழுவதும் குழாய்த் தண்ணீரை ஊற்றி, விசிறிக் காற்று படச் செய்யவும். நினைவிருந்தால் குடிக்க நீர் வைக்கலாம். வாயில் ஊற்றக் கூடாது. உடலைக் குளிர்வித்துக்கொண்டே மருத்துவரிடம் விரையவும். தேறியதுபோல் தோன்றினாலும் காட்டுவது அவசியம். வேப்பேரியிலுள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் சிகிச்சை பெறலாம்.

சட்டம் சொல்வது

2017-ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகளின்படி, நாய்க்குட்டி விற்கும் வளர்ப்பாளர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். எட்டு வாரம் நிரம்பாத குட்டியை விற்கக் கூடாது. பதிவுச் சான்றையும் தடுப்பூசி அட்டையையும் கேட்டு வாங்கவும். தமிழக அரசு 2024-இல் வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை, நம் தட்பவெப்பத்திற்கு ஒவ்வாத இனங்களின் பட்டியலில் ஹஸ்கியையும் மாலமூட்டையும் சேர்த்தது. வாங்குமுன், நடைமுறையிலுள்ள விதிகளைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டறியவும். அம்பத்தூர் சென்னை மாநகராட்சியைச் சேர்ந்ததாதலால் அங்கு வளர்ப்போர் மாநகராட்சி உரிமம் பெற வேண்டும். ஆவடி, பூந்தமல்லியில் உள்ளோர் தத்தம் உள்ளாட்சி அலுவலகத்தில் விசாரிக்கவும்.

ஏற்ற இனங்கள்

காவலே நோக்கமாயின் கோம்பையும் இராஜபாளையமும் ஏற்றவை. குட்டை மயிரும் நம் வெயிலில் வழிவழியாக வளர்ந்த உடலும் கொண்டவை. வெள்ளை இராஜபாளையம் குட்டிகளில் சில காது கேளாமல் பிறப்பதுண்டு. பின்னால் நின்று கைதட்டிச் சோதித்து வாங்கவும். சிப்பிப்பாறையும் கன்னியும் வேட்டைக்கு ஓடும் இனங்கள். திறந்த வெளி உள்ளவர்களுக்கே பொருந்தும். தெருவில் பிறந்த நாட்டுக் குட்டியைத் தடுப்பூசி போட்டு, கருத்தடை செய்து வளர்த்தால், குறைந்த செலவில் நல்ல காவல் கிடைக்கும்.

எந்த வேலைக்கு நாய், அந்த வேலைக்கேற்ற இனம் எது, அவ்வினம் மே மாத நண்பகலை எங்கே கழிக்கும் என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை கண்ட பின்னரே விலை பேசுதல் நலம். வாயில்லா உயிர் வீணே துன்புறுவதும் உழவரின் பணம் விரயமாவதும் இதனால் தவிர்க்கப்படும்.