பெயரில்லாச் சார்பும் பெயர் இடாப்பும்

விழா மலருக்கெனப் பழைய மாணவரின் பெயர் இடாப்பைக் கணினியில் இட்டு அகரவரிசைப்படுத்தப் பணித்தோம். நொடிப்பொழுதில் வரிசை வந்தது. அதனைப் பார்வையிட்ட முதியவரொருவர், "தம்பி, கனகசபையைக் காணவில்லையே!" என்றார். அவர் ககரத்தின் கடையிலே தேடினார். அப்பெயரோ கந்தையாவை அடுத்து, கபிலனுக்கும் கமலநாதனுக்கும் முன்னே நின்றது. தம் வகுப்புத் தோழரை மறந்துவிட்டோமென அவர் பெரிதும் மனம் நொந்தார்.

கணினி அறிந்த வரிசை எண் வரிசையே. 1991இல் வெளிவந்த யுனிகோட்டின் தமிழ்ப் பகுதி, இந்திய மொழிகளுக்குப் பொதுவாக அமைந்த குறிமுறையொன்றைத் தழுவியது. ஆதலின் நகரத்தை அடுத்து னகரமும், ரகரத்தை அடுத்து றகரமும் எண் பெற்றன. அன்பு, அறம், அலை, அளவு, அழகு, அவை எனக் கணினி அடுக்கும். நம் நெடுங்கணக்கோ அலை, அவை, அழகு, அளவு, அறம், அன்பு எனக் கொள்ளும். அன்பு முதலில் நிற்றல் நன்றேயாயினும் அகராதிக்கு அஃது ஆகாது.

இதற்குப் பரிகாரம் இலாம்டா எனப்படும் பெயரில்லாச் சார்பு. (லகரம் மொழிக்கு முதலில் வாராதாகலின் இகரம் சேர்த்தோம், இளைஞர் பொறுப்பாராக.) அலொன்சோ சேர்ச் என்னும் அமெரிக்கக் கணித அறிஞர் 1930களில் வகுத்த முறையிற் பிறந்து, ஜோன் மக்கார்த்தி 1958இல் தொடங்கிய லிஸ்ப் மொழிவழிச் செய்நிரலுட் புகுந்தது. பைதனில் 1994 முதல் உண்டு; ஜாவா 2014இலேயே ஏற்றது.

சார்பென்பது ஒன்றைப் பெற்று வேறொன்றைத் தருவது. ஒருமுறையே பயன்படுவதற்குப் பெயர் எதற்கு? "மானிப்பாயிற் பிறந்த மாணவர்" என்னுமிடத்து, "பிறந்த" என்னும் பெயரெச்சம் தனக்கெனப் பெயரின்றியே மாணவரை வரையறுத்தல் காண்க. தொகுதியினின்றும் சிலரை வடித்தெடுத்தற்கும், ஒவ்வோருறுப்பையும் மாற்றுதற்கும் இலாம்டா இவ்வாறே உதவும். ஆனால் எழுத்தெண்ணுவோர் விழிப்பாயிருத்தல் வேண்டும்: கந்தையாவுக்கு எழுத்து நான்கு, புள்ளியையும் உயிர்க்குறிகளையும் தனித்தனி எண்ணும் கணினிக்கோ ஏழு!

வரிசைப்படுத்தும் கட்டளை, "ஒவ்வொரு பெயரையும் எதுவாகக் கொண்டு ஒப்பிடுவது?" என்பதற்குத் திறவொன்றை ஏற்கும். அவ்விடத்தில் இலாம்டாவை அமர்த்தினோம். அது பெயரை எழுத்தெழுத்தாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் நெடுங்கணக்கில் உள்ள இடத்தைத் தரும். உயிர் 12, ஆய்தம் 1, பின்னர் ஒவ்வொரு மெய்யும் அதன் 12 உயிர்மெய்யும் என 247 இடங்கள். கந்தையா 15, 105 எனத் தொடங்குவார். கபிலன் 15, 121. கமலநாதன் 15, 132. கனகசபை 15, 236. எண்கள் ஒப்பீட்டுக்கே, இடாப்பிற் பெயர்கள் மாறா.

முதன்முறை ஜெகநாதன் என்னும் பெயரிற் செய்நிரல் நின்றுவிட்டது. 247இல் ஜகரம் ஏது? கிரந்த எழுத்துக்களை இறுதியிற் சேர்த்த பின்னரே நகர்ந்தது. வடசொல்லெழுத்தை விலக்க விரும்புவோரும் மனிதர் பெயரை விலக்கல் தகாது.

பைதனின் இலாம்டா ஒரேயொரு கோவையையே தாங்கும். அதனுள் அனைத்தையும் திணித்தால் எழுதியவருக்கே விளங்காது. ஆசிரியர் இடாப்புக்கும் அதே திறவு வேண்டியபொழுது, அதனை வெளியே எடுத்து "நெடுங்கணக்கு" எனப் பெயரிட்டோம். கனகசபை இப்பொழுது ககரத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கின்றார்.