பாவித்த கணினி இரண்டில் எது நல்லது?

உழவுக்கு மாடு வாங்கச் செல்பவன் அதன் நிறத்தைக் கண்டு விலை பேசுவதில்லை. வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பான். நடக்கவிட்டுக் காலைப் பார்ப்பான். சுழியையும் பார்த்த பின்னரே மடியை அவிழ்ப்பான். பாவித்த கணினி வாங்குவோருக்கும் இத்தகைய நிதானம் இன்றியமையாதது. ஆயினும் கணினிக்குப் பல் எங்கே, கால் எங்கே என்று அறிந்தவர் சிலரே. ஆதலின் துடைத்து மெருகிட்ட பெட்டியும் விற்பவரின் இனிய சொல்லுமே பல வேளைகளில் பேரத்தை முடித்துவிடுகின்றன.

நமுனுகுல மலைச் சாரலிலுள்ள ஸ்பிரிங்வெளி போன்ற தோட்டங்களில் இப்பேரம் சிறிய காரியமன்று. சாதாரண தரத்திலோ உயர்தரத்திலோ தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் பயிலும் பிள்ளைக்கு வீட்டிலும் ஒரு கணினி இருத்தல் பெருந்துணை. புதியது வாங்க வகையில்லாத குடும்பம், கொழுந்து பறித்த கூலியில் மிச்சம் பிடித்த தொகையையோ சீட்டுப் பணத்தையோ எடுத்துக்கொண்டு பதுளை நகருக்கு இறங்குகிறது. வாங்கிய இயந்திரம் மூன்றாம் மாதமே கண்ணை மூடிவிட்டால், போவது பணம் மட்டுமன்று. பிள்ளையின் பரீட்சை ஆண்டும் அதனோடு போகிறது.

பாவித்த கணினிகளுள் அலுவலகங்களுக்கென ஆக்கப்பட்டவையே பெரும்பாலும் உறுதியானவை. வங்கிகளும் பெரிய நிறுவனங்களும் அவற்றைத் தொகையாக வாங்கிச் சில ஆண்டுகள் பாவித்தபின் ஒரே வேளையில் கழித்துவிடுகின்றன. அவ்வாறு கைமாறி வருவனவற்றுள் இரண்டை எடுத்துக்கொள்வோம். ஒன்று, 2012இல் வெளிவந்த டெல் நிறுவனத்தின் ஒப்டிப்ளெக்ஸ் 7010. மற்றொன்று, 2013இல் வெளிவந்த எச்.பி. நிறுவனத்தின் எலீட்டெஸ்க் 800 ஜீ1. டெல் நிறுவனம் 2023இல் முற்றிலும் வேறான ஒரு புதிய கணினிக்கும் 7010 என்ற அதே எண்ணைச் சூட்டியது. ஆகவே பெயரை மட்டும் நம்பாது, உள்ளிருக்கும் செயலி யாதென வினவுதல் வேண்டும்.

செயலியே கணினியின் மூளை. பழைய 7010இல் பரவலாகக் காணப்படுவது இன்டெல் ஐ5-3470; எச்.பி.யில் காணப்படுவது ஐ5-4570. கோட்டுக்குப் பின்வரும் முதல் இலக்கம் தலைமுறையைக் குறிக்கும். எனவே முன்னையது மூன்றாம் தலைமுறை, பின்னையது நான்காம் தலைமுறை. இரண்டிலும் நான்கு கருக்கள் உள. இரண்டின் அடிப்படை வேகமும் 3.2 கிகாஹேர்ட்ஸ். கட்டுரை எழுதுதல், கணக்கு அட்டவணை அமைத்தல், காணொளிப் பாடம் பார்த்தல், நிரல் எழுதிப் பழகுதல் ஆகியவற்றில் ஒரு மாணவன் இவ்விரண்டுக்குமிடையே பெரிய வேற்றுமை காணமாட்டான்.

அவ்வாறாயின் வேற்றுமை எங்கே? முதலாவது, நான்காம் தலைமுறையில் உருவங்களைத் திரையில் தீட்டும் பகுதி வலிமை கூடியது. இரண்டாவது, ஏவிஎக்ஸ்2 எனப்படும் கட்டளைத் தொகுதி ஒன்று அதில் உண்டு. மூன்றாம் தலைமுறையில் அஃது இல்லை. இன்று அக்குறை பெரிதாகத் தோன்றாது. எனினும் புதிய மென்பொருள்களுட் சில அதனை எதிர்பார்க்கத் தொடங்கிவிட்டன. 2025இல் வெளிவந்த ரெட் ஹட் நிறுவனத்தின் பத்தாம் லினக்ஸ் பதிப்பு அக்கட்டளைத் தொகுதி இல்லாத செயலிகளைக் கைவிட்டது. இவ்வகையில் எச்.பி. இயந்திரத்துக்கு ஆயுள் சற்றுக் கூடுதல் எனலாம்.

மறுபுறம் டெல் இயந்திரத்துக்கு வேறொரு சிறப்புண்டு. கணினியில் முதலில் பழுதாகும் உறுப்புகளுள் ஒன்று மின்வழங்கி. நிமிர்ந்து நிற்கும் பெரிய பெட்டி வகையைச் சேர்ந்த 7010இல், கடைகளில் கிடைக்கும் பொதுவகை மின்வழங்கியையே மாற்றிப் பொருத்தலாம். அதன் இணைப்பு வழக்கமான 24 முனை இணைப்பே. எச்.பி.யின் இணைப்போ அந்நிறுவனத்துக்கே உரியது. பழுதானால் அதே வகையைத் தேட வேண்டும், அல்லது இடையில் மாற்றி ஒன்றைப் பொருத்த வேண்டும். சிறிய பெட்டி வகையாயின் டெல்லிலும் இச்சலுகை கிட்டாது. அதன் மின்வழங்கியின் வடிவமே வேறு. கொழும்பிலிருந்து உதிரிப்பாகம் வருமட்டும் காத்திருக்க வேண்டிய மலையகத்து வீட்டுக்கு இஃது அற்பமான வேற்றுமையன்று.

இனி, இரண்டுக்கும் பொதுவான குறையொன்றுண்டு. வின்டோஸ் 10க்கு மைக்ரோசொஃப்ட் நிறுவனம் வழங்கிவந்த வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆந் திகதியுடன் முடிவுற்றது. வின்டோஸ் 11 இன்டெல் செயலிகளில் பொதுவாக எட்டாம் தலைமுறையையும் அதற்குப் பிந்தியவற்றையுமே ஏற்கும். குறுக்கு வழியில் அதனைப் பதித்து, ‘புதிய வின்டோஸ் உள்ளது’ என்று விற்பவரும் உளர். அவ்வாறு பதித்த கணினிக்குப் பிற்காலத் திருத்தங்கள் வந்து சேருமென்ற உறுதியில்லை. ஆகவே இவ்விரண்டில் எதனை வாங்கினும் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் வகையொன்றைப் பதித்துக்கொள்வதே நன்று. உபுண்டு, மின்ட் என்பன அவற்றுட் சில. தமிழில் தட்டெழுதவும் ஆவணங்கள் ஆக்கவும் அவற்றில் வசதியுண்டு. இன்னும் சில மாதம் பொறுத்துப் பணம் சேர்க்க இயலுமாயின், ஐ5-8500 போன்ற எட்டாம் தலைமுறைச் செயலியுடைய ஒப்டிப்ளெக்ஸ் 7060, எலீட்டெஸ்க் 800 ஜீ4 ஆகியவற்றை நாடலாம்.

வாங்குமுன் செய்யவேண்டிய சோதனைகள் சில உள. இயந்திரத்தை இயக்கியவுடன் டெல்லில் எஃப்2 விசையையும் எச்.பி.யில் எஃப்10 விசையையும் அழுத்தினால் அடிப்படை அமைப்புப் பக்கம் தோன்றும். அங்கே கடவுச்சொல் கேட்டால், பழைய நிறுவனம் இட்ட பூட்டு இன்னும் அவிழவில்லை என்பது பொருள். அத்தகையதை வாங்காதிருத்தலே அறிவுடைமை. பெட்டியைத் திறந்து, தாய்ப்பலகையிலுள்ள சிறு உருளைகளின் தலை உப்பியிருக்கிறதா என நோக்குக. பழைய வன்தட்டு எத்தனை மணிநேரம் உழைத்தது என்பதை அதற்குரிய மென்பொருளால் காட்டச் செய்க. அரை மணிநேரமாவது ஓடவிட்டு, விசிறியின் ஓசையைக் கேட்க.

கையில் சிறிது பணம் மிஞ்சுமாயின், அதனைத் திண்மநிலை வட்டுக்குச் செலவிடுவதே முதற்கடமை. மேசைக்கும் அலுமாரிக்குமுள்ள உறவே நினைவகத்துக்கும் வட்டுக்கும் உள்ளது. அலுமாரியிலிருந்து ஏடு வந்துசேரத் தாமதமானால், மேசையில் அமர்ந்திருப்பவன் எத்துணைக் கெட்டிக்காரனாயினும் பயனில்லை. சுழலும் பழைய வன்தட்டை நீக்கித் திண்மநிலை வட்டைப் பொருத்தினால், தலைமுறை வேற்றுமையினும் பன்மடங்கு பயன் கண்கூடாகத் தெரியும். நினைவகம் எட்டு கிகாபைட் இருத்தல் நலம். இரண்டு இயந்திரங்களும் டிடிஆர்3 வகை நினைவகத்தையே ஏற்பதால், அது பழையதாகவும் கிடைக்கும். கம்பியில்லா இணைய வசதி இவற்றில் பெரும்பாலும் இராது. அதற்கெனச் சிறு கருவியொன்றும் வாங்க நேரும்.

மின்செலவையும் எண்ணிப் பார்த்தல் தகும். கணினியும் திரையும் சேர்ந்து 60 வாட் கொள்வதாக வைப்போம். நாளொன்றுக்கு ஐந்து மணிநேரம் பாவித்தால், முப்பது நாளில் ஒன்பது அலகு செலவாகும். தொகை சிறிதே. எனினும் மாதப் பாவனை 60 அலகைத் தாண்டும்போது கட்டணப் படிமுறையே மாறிவிடுவதால், விளிம்பில் நிற்கும் குடும்பம் இதனை முன்கூட்டியே கணக்கிடல் வேண்டும். ஏப்பிரலிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகலில் இடிமுழக்கம் கேட்டவுடன் சுவரிலிருந்து மின்வடத்தைக் கழற்றிவிடுதல் வேண்டும். ஆளியை மட்டும் அணைத்தல் போதாது.

முடிவாக, நிலையும் விலையும் ஒத்திருந்தால் எச்.பி. இயந்திரத்தைத் தெரியலாம். பெரிய பெட்டி வகை 7010 விலை குறைந்து கிடைத்து, மிஞ்சும் பணத்தில் திண்மநிலை வட்டும் வாங்க இயலுமாயின், டெல்லே மேல். இரண்டில் ஒன்று சோதனையில் தவறினால், மற்றது எதுவாயினும் அதுவே சிறந்தது. ஒரு வாரத்துக்கேனும் எழுத்தில் உத்தரவாதம் தர மறுப்பவரிடம், எவ்வளவு மலிவாயினும் வாங்கலாகாது. கணினியின் வேலை பிள்ளைக்குக் கற்பிக்கத் துணைநிற்றல். அவ்வேலையைப் பரீட்சை முடியுமட்டும் இடையறாது செய்வது எதுவோ, அதுவே நல்ல கணினி.