அங்கத்தினர் மறைவும் சங்கப் பணமும்: நியமனம், உயில் பற்றிய விளக்கம்

கூட்டுறவுச் சங்கத்தில் பங்கு எடுத்துக்கொள்ளும் அங்கத்தினர், தமக்குப்பின் அத்தொகையைப் பெறத்தக்க ஒருவரை எழுத்து மூலம் நியமிப்பது வழக்கம். பெரும்பாலோர் அவ்விடத்தில் அப்போது நினைவுக்கு வந்த ஒரு பெயரை எழுதிவிட்டு, பின்னர் அதை மறந்துவிடுகின்றனர். சிலர் ஒன்றும் எழுதாமலே விட்டுவிடுகின்றனர். குடும்பத் தலைவர் காலமான பிறகோ, பாரிசவாயுவினால் பேச்சும் நினைவும் இழந்து படுத்த பிறகோதான் அந்த ஒரு வரியின் முக்கியத்துவம் புலப்படுகிறது. அப்போது அதைத் திருத்த வழி இராது.

நியமனம் எதற்காக?

இவ்வேற்பாடு புதிதன்று. 1912-ஆம் வருஷத்துக் கூட்டுறவுச் சங்கச் சட்டத்திலேயே, இறந்த அங்கத்தினரின் பங்கை அவர் நியமித்தவருக்குச் சேர்ப்பிக்கலாம் என்றும், நியமனம் இல்லாவிடில் வாரிசென்று கமிட்டிக்குத் தோன்றுபவருக்குச் சேர்ப்பிக்கலாம் என்றும் கண்டிருந்தது. சங்கம் யாரிடம் பணத்தைக் கொடுத்துத் தன் பொறுப்பைத் தீர்த்துக்கொள்ளலாம் என்பதே இதில் கவனிக்கப்பட்ட விஷயம். நியமனம் இருந்தால் ஈமக் கிரியைக்கும் அடுத்த சாகுபடிக்கும் பணம் விரைவில் கைக்கு வரும். இல்லாவிடில் விதவையும் குழந்தைகளும் வாரிசுச் சான்றுக்காக அலைய நேரும்.

நியமிக்கப்பட்டவர் சொந்தக்காரரா?

ஆனால் பணத்தை வாங்கிக்கொள்ளும் அதிகாரம் வேறு, அப்பணத்துக்குப் பாத்தியதை வேறு. பல குடும்பங்களில் சகோதரர்களுக்குள் வியாஜ்யம் உண்டாவதற்கு இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதே காரணம். இன்ஷியூரன்ஸ் தொகையைப் பெற நியமிக்கப்பட்டவர் வாரிசுகளின் பொருட்டு வாங்கி வைப்பவரேயன்றி அதன் உடைமையாளர் அல்லர் என்று 1983-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. 2016-ல், மேற்கு வங்காளத்துக் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம் ஒன்றின் வழக்கில், சங்கம் நியமனத்தை ஏற்று நடக்க வேண்டியதே என்றும், மற்ற வாரிசுகள் தங்கள் பாத்தியதையைத் தனியே நிலைநாட்டிக்கொள்ளலாம் என்றும் அக்கோர்ட்டு கூறிற்று.

ஓர் உதாரணம் காண்போம். இந்து அங்கத்தினர் ஒருவர் தம் சுயார்ஜிதமான 60,000 ரூபாயை டிபாசிட்டில் வைத்து, மூத்த மகனை நியமித்துவிட்டு, உயில் எழுதாமல் இறந்துபோகிறார். தாய், மனைவி, இரண்டு புத்திரர்கள், விவாகமான ஒரு புத்திரி ஆகியோர் இருக்கின்றனர். மூத்த மகன் கையெழுத்திட்டுத் தொகையைப் பெறலாம். ஆயினும் 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டத்தின்படி ஐவருக்கும் சமபங்கு உண்டு. அவரவருக்கு 12,000 ரூபாய். புத்திரிக்கு விவாகம் ஆகிவிட்டதென்பதால் அவளுடைய பங்கு குறையாது. வேறு விதமாகப் பிரிய வேண்டுமென்று தகப்பனார் விரும்பியிருந்தால், நியமனத்துடன் உயிலும் எழுதியிருக்க வேண்டும்.

உயில் எழுதும் முறை

உயிலுக்கு முத்திரைக் காகிதம் வேண்டியதில்லை. 1925-ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி இந்துக்களும் கிறிஸ்தவர்களும் எழுதும் உயிலில், எழுதுபவர் கையொப்பமோ கைநாட்டோ இட வேண்டும். குறைந்தது இரண்டு சாட்சிகள் சான்றொப்பமிட வேண்டும். சாட்சிகள் உயிலினால் பயனடையாதவர்களாயும், எழுதுபவரைவிட வயதில் இளையவர்களாயும் இருத்தல் நலம். பிற்காலத்தில் கோர்ட்டில் உயிலை நிரூபிக்க அவர்களுள் ஒருவரேனும் தேவைப்படுவார். ரிஜிஸ்தர் செய்வது கட்டாயமன்று. ஆயினும் சந்தேகங்களைக் குறைக்கும். புத்தி தெளிவாயுள்ளவரை எத்தனை முறை வேண்டுமானாலும் உயிலை மாற்றலாம். கடைசியாக எழுதியதே செல்லும். பூர்வீகக் குடும்பச் சொத்தில் தம் பங்கை மட்டுமே ஒருவர் உயிலில் எழுத முடியும். முஸ்லிம் அங்கத்தினர், கடனும் அடக்கச் செலவும் போக மிஞ்சியதில் மூன்றில் ஒரு பாகத்துக்கு மேல், வாரிசுகளின் சம்மதமின்றி உயில் மூலம் கொடுக்க இயலாது.

செயலற்றுப்போனால்

உயில் எழுதியவர் உயிரோடிருக்கும் வரை அது நடைமுறைக்கு வாராது. ஆகையால் நோயில் கிடப்பவருக்கு அதனால் உதவி இல்லை. மகனுக்குப் பவர் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்கிறோம் என்று சிலர் நிம்மதியாயிருக்கின்றனர். 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டப்படி, எழுதிக் கொடுத்தவர் இறந்தாலும் சித்தம் கலங்கினாலும் பவரின் அதிகாரம் முடிவடைகிறது. மிகவும் தேவையான சமயத்தில் அது பயன்படாமற்போகும். எனவே வைத்தியச் செலவுக்கும் குடும்ப ஜீவனத்துக்கும் வேண்டிய ஒரு தொகையை, மனைவியுடனோ நம்பத்தக்க மற்றொருவருடனோ கூட்டுக் கணக்கில், இருவரில் எவரும் எடுக்கலாம் என்னும் நிபந்தனையுடன் வைத்திருப்பது விவேகம்.

செய்யத்தக்கவை

முதலாவது, சங்கத்துக் காரியதரிசியிடம் சென்று தம் நியமனத்தில் எவர் பெயர் இருக்கிறதென்று ஒவ்வொருவரும் பார்த்துக்கொள்ள வேண்டும். நியமிக்கப்பட்டவர் இறந்திருந்தாலோ, விவாகத்துக்கு முன் எழுதிய பெயரே இன்னும் இருந்தாலோ, உபவிதிகளின்படி உடனே மாற்றலாம். பாங்கு டிபாசிட்டுகளுக்கு 2025 நவம்பர் 1 முதல் நால்வர் வரை நியமிக்க இடமுண்டு.

இரண்டாவது, பங்கு, டிபாசிட்டு, நிலப் பத்திரம், நகைக்கடன் ரசீது, வாங்கிய கடன், பிறருக்கு ஜாமீன் நின்ற கடன் இவையெல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி, அத்தாள் இருக்குமிடத்தை மனைவிக்குத் தெரிவிக்க வேண்டும். இறந்தவரின் கடனுக்கு வாரிசுகள் தாங்கள் அடைந்த சொத்தின் அளவுக்கே பொறுப்பாளிகள். எனினும் கடன் இன்னதென்று அறியாத குடும்பம் எவர் கேட்டாலும் கொடுத்து ஏமாறக்கூடும்.

மூன்றாவது, சொத்தைப் பிரிக்கும் விதம் பற்றித் தம் எண்ணத்தை மனைவி மக்களை உட்காரவைத்துச் சொல்லிவிட வேண்டும். சாவைப் பற்றிப் பேசுவது அபசகுனம் என்று கருதி இதைத் தள்ளிப்போடுவோர் உண்டு. பயிரை விதைக்கும்போதே அறுவடைக்கு வழி தேடும் குடியானவருக்கு இது புதிய புத்திமதி அன்று. அங்கத்தினர் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் வக்கீல் கட்டணத்துக்குப் போகாமல் அவர் குடும்பத்துக்கே போய்ச் சேர, நியமனம், உயில், கணக்குத் தாள் ஆகிய மூன்றையும் புத்தி தெளிவாயுள்ள இப்போதே எழுதி வைப்பது அவர் கடமையாகும்.