மாத்திரையில் மிச்சம் பிடித்த பணம்

சோமனூர்ப் பக்கத்து விசைத்தறித் தொழிலாளி ஒருவர் சென்ற ஆண்டு காற்புண்ணுடன் எங்கள் பிரிவில் சேர்க்கப்பட்டார். இரவெல்லாம் தறிகளுக்கிடையே நடப்பவர். செருப்பு உராய்ந்து எழுந்த கொப்புளத்தை அவர் உணரவே இல்லை. பாதத்தின் உணர்ச்சியை நீரிழிவு மழுங்கடித்திருந்தது. கால் தப்பியது. ஆயினும் இரண்டு மாதம் அவருக்குக் கூலி இல்லை. உடனிருந்து கவனிக்க, மனைவியும் திருப்பூர் பனியன் கம்பெனி வேலையை விட்டார். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக நாளுக்கு இரண்டு மாத்திரையை ஒன்றாகக் குறைத்ததை அவர் என்னிடம் சொல்லவில்லை, செவிலியரிடம்தான் சொன்னார்.

நீரிழிவின் பொருளாதாரச் சுமை என்பது பெரும்பாலும் இதுதான். இரத்தப் பரிசோதனைக்கும் மாத்திரைக்கும் ஆகும் செலவு கண்ணுக்குத் தெரியும். இழந்த கூலியும் வாங்கிய கடனும் எந்த ரசீதிலும் வருவதில்லை. சென்னையில் டாக்டர் ஏ. இராமச்சந்திரன் குழுவினர் 2007-இல் வெளியிட்ட ஆய்வின்படி, நீரிழிவுச் சிகிச்சைக்காக நகர்ப்புற ஏழைகள் வருமானத்தில் 34 விழுக்காடும், கிராமப்புற ஏழைகள் 27 விழுக்காடும் செலவிட்டனர். வசதி குறையக் குறையச் சுமையின் பங்கு கூடுகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த ஆய்வு 2023-இல் வெளியானது. அதன்படி நாட்டில் நீரிழிவு உள்ளோர் 10.1 கோடிப் பேர். தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 14.4 விழுக்காட்டினர். தறிப்பட்டறை, வார்ப்பாலை, தோட்டம் என உடலுழைப்பால் வாழும் கொங்கு மண்ணில் இது உழைக்கும் நாட்களின் இழப்புமாகும்.

செலவைக் குறைக்க வழிகள் உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் நீரிழிவு, இரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே இலவசமாக வருகின்றன. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். மக்கள் மருந்தகங்களிலும் முதல்வர் மருந்தகங்களிலும் அதே மருந்து, வணிகப் பெயரின்றிக் குறைந்த விலையில் கிடைக்கும். புதிய மருந்துகளின் விலையும் நிலையானதன்று. எம்பாகிளிஃப்ளோசின் மாத்திரையின் காப்புரிமை 2025 மார்ச்சில் முடிந்ததும், ஏறத்தாழ அறுபது ரூபாய்க்கு விற்ற மாத்திரைக்குப் பத்து ரூபாயை ஒட்டிய மாற்றுகள் வந்தன. பழைய சீட்டையே ஆண்டுக்கணக்கில் கடையில் நீட்டுபவர்களுக்கு இது தெரியாமலே போகும்.

மாத்திரை விலை கட்டுப்படியாகவில்லையெனில், குறைத்துக்கொள்ளும் முன் எங்களிடம் சொல்லுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. விலை குறைந்த மாற்று பலருக்கும் உண்டு. கேட்காமல் விட்டது எங்கள் தவறும்தான். இப்போது எங்கள் புறநோயாளர் பிரிவில் பாதத்தைப் பார்க்கும்போதே, இம்மாதம் மருந்துக்கு எவ்வளவு ஆயிற்று என்றும் கேட்கிறோம்.