எல்லைக் காவலுக்கு முதல் வேலி

பாரத தேசத்துக்குள் பிற தேசத்தார் வருவதையும், தங்குவதையும், வெளியேறுவதையும் ஒழுங்கு செய்வதற்கு நெடுங்காலமாக இருந்துவந்த நான்கு சட்டங்கள் ரத்தாகிவிட்டன. 1920-ம் வருஷத்திய பாஸ்போர்ட் சட்டம், 1939-ம் வருஷத்திய அன்னியர் பதிவுச் சட்டம், 1946-ம் வருஷத்திய அன்னியர் சட்டம், உரிய தஸ்தாவேஜில்லாதவர்களை ஏற்றிவரும் கப்பல், விமானக் கம்பெனிகளைப் பொறுப்பாளிகளாக்கிய 2000-ம் வருஷத்திய சட்டம் ஆகிய நான்குக்கும் பதிலாக, 2025-ம் வருஷத்தில் பார்லிமெண்டு ஒரே சட்டத்தை நிறைவேற்றியது. அவ்வருஷம் செப்டம்பர் 1-ந் தேதி அது அமுலுக்கு வந்தது. பழைய நான்கில் முதல் மூன்றும் அன்னிய ஆட்சியார் தங்கள் ஆட்சியின் சௌகரியத்துக்காக எழுதியவை. சுதந்திரம் பெற்ற ஜனசமூகம் தன் வாசலுக்குத் தானே சட்டம் எழுதிக்கொள்வது நியாயம் மட்டுமல்ல, கடமையுமாகும். இதில் அபிப்பிராய பேதத்துக்கு இடமில்லை.

எல்லைக் காவலைப் பலப்படுத்த வேண்டுமென்பதையும் எவரும் மறுக்கமாட்டார். நமது தரை எல்லை 15,000 கிலோமீட்டருக்கும் அதிகமானது. வங்காள தேசத்துடன் மட்டும் 4,096 கிலோமீட்டர், பாகிஸ்தானுடன் 3,323, சீனத்துடன் 3,488. பனிமலை, பாலைவனம், சதுப்பு நிலம், போக்கை மாற்றிக்கொண்டே இருக்கும் நதி ஆகிய எல்லாவற்றின் வழியாகவும் இந்தக் கோடு செல்கிறது. இதைக் காக்கப் புதிய சட்டமும், கூடுதலான அதிகாரமும், நவீன யந்திரங்களும் வேண்டுமென்று சர்க்கார் சொல்லுவது சரியே. ஆனால் இம்மூன்றும் எதன்மேல் நிற்கின்றன என்பதை யோசித்தோமா? அதையே இன்று தேசபக்தர்கள் கவனிக்கவேண்டுமென்று கேட்டுக்கொள்ளுகிறோம்.

இடையர் கண்ட பகைவர்

சரித்திரத்தைப் பார்ப்போம். 1965-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் பாகிஸ்தான் ஆயுதமேந்திய ஆட்களை மாறுவேடத்தில் காஷ்மீரத்துக்குள் அனுப்பியது. உள்ளூர் ஜனங்கள் தங்கள் பக்கம் சேர்ந்து கலகம் செய்வார்கள் என்பது அவர்களுடைய கணக்கு. நடந்ததோ வேறு. முகம்மது தீன் என்ற இடைய வாலிபர், முன்பின் அறியாத அந்த மனிதர்களை மேய்ச்சல் நிலத்தில் கண்டார். பணம் தருவதாக அவர்கள் ஆசை காட்டியும், நேரே சென்று போலீஸாருக்குத் தகவல் கொடுத்தார். பகைவரின் திட்டம் வெளியாயிற்று.

முப்பத்துநான்கு வருஷங்களுக்குப் பிறகு அதே கதை திரும்பவும் நடந்தது. 1999-ம் வருஷம் மே மாதத் தொடக்கத்தில், லடாக்கில் பட்டாலிக் பகுதியிலுள்ள கார்க்கோன் கிராமத்தைச் சேர்ந்த தாஷி நம்கியால் என்பவர், காணாமற்போன தமது கவரிமாட்டைத் தேடி மலைமேல் ஏறினார். தூரதிருஷ்டிக் கண்ணாடி வழியாகப் பார்த்தபோது, பனியை விலக்கிப் பதுங்குமிடம் அமைத்துக்கொண்டிருந்த மனிதர்களைக் கண்டு, ராணுவத்தாரிடம் ஓடிவந்து சொன்னார். கார்கில் யுத்தத்தில் நமக்குக் கிடைத்த முதல் எச்சரிக்கைகளில் அது ஒன்று. ஐந்நூறுக்கு மேற்பட்ட நமது வீரர்கள் அந்த யுத்தத்தில் உயிர் நீத்தனர்.

2008-ம் வருஷம் நவம்பர் 26-ந் தேதி பம்பாயில் நடந்த பயங்கரம் அனைவருக்கும் நினைவிருக்கும். கொலைகாரர்கள் குஜராத்தைச் சேர்ந்த மீன்பிடி படகு ஒன்றைக் கடலில் கைப்பற்றி, அதிலிருந்தவர்களைக் கொன்றுவிட்டு, அந்தப் படகிலேயே நகரை நெருங்கினர். கொலாபாவில் கரையேறியபோது அவர்களை முதலில் கண்டு சந்தேகித்தவர்கள் அங்கே குடியிருந்த மீனவர்களே. அந்தச் சந்தேகம் உரிய காலத்தில் உரிய இடத்தை அடைந்து பயன்படவில்லை. நூற்றறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

மூன்று சம்பவங்களிலும் பகைவனைக் கண்ட கண்கள் சாமானிய ஜனங்களின் கண்கள். இரண்டில் அந்தக் கண்களுக்கும் சர்க்காருக்குமிடையே வழி திறந்திருந்தது. ஒன்றில் வழியில்லாமற் போயிற்று. எல்லையோரத்துக் குடியானவன், இடையன், மீனவன் ஆகியோரின் நம்பிக்கையே எல்லைக்கு முதல் வேலி. சட்டமும் அதிகாரமும் யந்திரமும் அதற்குப் பின்னால் நிற்கும் இரண்டாவது வேலி.

யந்திரத்தின் அளவு

கார்கிலுக்குப் பின், திருச்சிராப்பள்ளியில் பிறந்தவரான ஸ்ரீ கே. சுப்பிரமணியத்தின் தலைமையில் அமைந்த கமிட்டி ஆராய்ந்து, வேவு பார்க்கும் ஏற்பாடுகளிலிருந்த குறைகளை எடுத்துக்காட்டியது. அதையொட்டி மந்திரிகள் குழு ஒன்று 2001-ம் வருஷத்தில், ஒவ்வோர் எல்லைக்கும் ஒரே படை பொறுப்பேற்க வேண்டுமென்று சிபார்சு செய்தது. எல்லை நிர்வாகத்துக்கென்று தனி இலாகா 2004-ல் ஏற்பட்டது. யந்திரங்களும் வந்தன. 2018-ல் ஜம்மு எல்லையில் இரண்டு இடங்களில், ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர் தூரம் வீதம், ஆள் நடமாட்டத்தை உணரும் கருவிகளும், இரவிலும் பார்க்கும் காமிராக்களும், ரேடார்களும் கொண்ட காவல் முறை பரீட்சார்த்தமாக ஆரம்பிக்கப்பட்டது. அடுத்த வருஷம் அஸ்ஸாமில் துப்ரி ஜில்லாவில், பிரம்மபுத்திரா பல கிளைகளாகப் பிரிந்து ஓடுவதால் வேலி போட இயலாத 61 கிலோமீட்டர் தூரத்துக்கு இத்தகைய ஏற்பாடு செய்யப்பட்டது.

இவை நல்ல முயற்சிகள். ஆயினும் யந்திரம் பகைவனிடமும் இருக்கிறது. 2021-ம் வருஷம் ஜூன் 27-ந் தேதி ஜம்மு விமானப்படைத் தளத்தின்மேல், வேலிக்கு மேலாகப் பறந்து வந்த டிரோன்கள் என்னும் ஆளில்லாச் சிறு விமானங்கள் வெடிகுண்டுகளைப் போட்டன. பஞ்சாப் எல்லையில் போதை மருந்தையும் துப்பாக்கிகளையும் சுமந்துவரும் இத்தகைய விமானங்களில் 2023-ல் நூற்றுக்கு மேலும், 2024-ல் இருநூற்றுத் தொண்ணூறுக்கு மேலும் எல்லைக் காவற்படையார் பிடித்தனர். அவற்றுள் பல வயல்களில் விழுந்து கிடந்தவை. விழுந்த இடத்தை முதலில் அறிகிறவன் அந்த வயலின் உழவன். அவன் வாய் திறந்து சொன்னால் கடத்தல்காரன் பிடிபடுவான். சொன்னால் நம் தலையில் வழக்கு வருமோ என்று அவன் அஞ்சினால் ரேடார் இருந்தும் பயன் குறைவு.

அதிகாரத்தின் எல்லை

கட்சுப் பிரதேசத்தில் 1965 ஏப்ரலில் பாகிஸ்தான் தாக்கியபோது, மாகாணப் போலீஸாரால் மட்டும் எல்லையைக் காக்க முடியாது என்று தெரிந்தது. அவ்வருஷம் டிசம்பர் 1-ந் தேதி எல்லைக் காவற்படை பிறந்தது. 1968-ல் அதற்குத் தனிச் சட்டம் ஏற்பட்டது. 2021-ம் வருஷம் அக்டோபரில் மத்திய சர்க்கார் ஓர் உத்தரவு பிறப்பித்து, பஞ்சாப், மேற்கு வங்காளம், அஸ்ஸாம் ஆகிய மூன்று ராஜ்யங்களில் இந்தப் படையினர் சோதனையிடவும், கைப்பற்றவும், கைது செய்யவும் உரிய பரப்பை எல்லையிலிருந்து 15 கிலோமீட்டர் என்பதிலிருந்து 50 கிலோமீட்டராக உயர்த்தியது. குஜராத்தில் 80 என்றிருந்தது 50 ஆகக் குறைந்தது.

எங்கும் ஒரே அளவு இருக்கவேண்டுமென்பது சர்க்கார் தரப்பு. படையினர் பிடித்தவர்களை உள்ளூர்ப் போலீஸாரிடமே ஒப்படைக்கிறார்கள் என்றும் சொல்லப்பட்டது. பஞ்சாப், வங்காளச் சட்டசபைகளோ இதை எதிர்த்துத் தீர்மானங்கள் நிறைவேற்றின. பஞ்சாப் சுப்ரீம் கோர்ட்டுக்கே சென்றது. ஐம்பது கிலோமீட்டர் என்பது சிறிய தூரமல்ல. அமிர்தசரஸ் போன்ற பெரிய நகரங்கள் அதற்குள் அடங்கிவிடும். பகைவன் நவீன கருவிகளோடு வரும்போது காவலனுக்கும் கை நீள வேண்டும் என்ற வாதத்தில் பலமுண்டு. ஆயினும் ராஜ்ய சர்க்காரைக் கலந்து, அதன் போலீஸாரோடு கைகோத்துச் செய்யவேண்டிய காரியத்தை உத்தரவினால் மட்டும் செய்யப் புகுந்தால், இரண்டு காவலர்கள் ஒருவரையொருவர் சந்தேகிக்கும் நிலைமை உண்டாகும். அதன் லாபம் யாருக்கு என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

சட்டத்தில் ஒரு பழைய ஷரத்து

புதிய சட்டத்துக்கு வருவோம். பாஸ்போர்ட்டும் விசாவும் இல்லாமல் உள்ளே நுழைந்தால் ஐந்து வருஷம் வரை சிறை. போலிப் பத்திரம் வைத்திருந்தால் இரண்டிலிருந்து ஏழு வருஷம் வரை சிறை, பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம். போலிப் பத்திரங்களைத் தயாரித்து விற்கும் கூட்டத்தாருக்கு இத்தகைய தண்டனை தகும். ஹெட் கான்ஸ்டேபிள் பதவிக்குக் குறையாத எந்தப் போலீஸ்காரரும் வாரண்டில்லாமல் கைது செய்யலாம் என்பது யோசிக்கத் தக்கது.

எல்லாவற்றினும் முக்கியமானது வேறொன்று. ஒருவன் அன்னியனா அல்லவா என்ற கேள்வி எழுந்தால், தான் அன்னியனல்ல என்று ருஜுப்பிக்கும் பாரம் அவன் மேலேயே உள்ளது. 1946-ம் வருஷத்தில் அன்னிய ஆட்சியார் எழுதிய இந்த ஷரத்தைச் சுதந்திர பார்லிமெண்டு 2025-லும் விடாமல் வைத்துக்கொண்டது. ஊடுருவி வந்தவனுடைய பிறப்பு வளர்ப்பெல்லாம் அவனுக்குத்தான் தெரியும்; ஆகவே பாரமும் அவனுடையதே என்பது இதற்குச் சொல்லும் காரணம். காரணம் சரியானாலும், சந்தேகம் எந்த ஆதாரத்தின் மேல் எழுந்தது என்ற கேள்வி நிற்கிறது. ஆற்றில் நிலமும் வீடும் அடித்துக்கொண்டு போகப்பட்ட ஒரு குடியானவன், தன் பாட்டனாரின் தஸ்தாவேஜை எங்கே தேடுவான்? அஸ்ஸாமிலிருந்து வந்த ஒரு வழக்கில் 2024-ம் வருஷம் ஜூலையில் சுப்ரீம் கோர்ட் தெளிவாகச் சொல்லிற்று: தக்க ஆதாரம் எதுவுமில்லாமல் எவரையும் அன்னியரென்று சந்தேகித்து, நிரூபி என்று கூப்பிட அதிகாரிகளுக்கு உரிமையில்லை, பெயரின் எழுத்திலுள்ள சிறு வித்தியாசத்தைக் கொண்டு ஒருவரை நிராகரிக்கலாகாது. இந்தத் தீர்ப்பின் சாரம் கோர்ட்டுத் தஸ்தாவேஜுகளில் மட்டும் இருந்தால் போதாது. புதிய சட்டத்தின் விதிகளிலேயே எழுதப்படவேண்டும்.

கருணைக்குச் சட்டத்தில் இடமுண்டு என்பதற்கும் திருஷ்டாந்தம் இருக்கிறது. இச்சட்டத்தையொட்டிப் பிறந்த விலக்கு உத்தரவில், 2015-ம் வருஷம் ஜனவரி 9-ந் தேதி வரை இங்கே அடைக்கலம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட், விசா நிபந்தனைகளிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. இதனால் எல்லைக்கு ஒரு கெடுதலும் நேர்ந்துவிடவில்லை. பகைவன் வேறு, உயிருக்கஞ்சி ஓடிவந்தவன் வேறு என்று பிரித்தறிவதும் எல்லைக் காவலின் ஒரு பகுதியே.

செய்யவேண்டியது

வங்காள எல்லையில் 3,200 கிலோமீட்டருக்கு மேல் வேலி போடப்பட்டிருக்கிறது. 1975-ம் வருஷத்திய உடன்பாட்டின்படி எல்லைக் கோட்டிலிருந்து 150 கஜ தூரத்துக்குள் காவற் கட்டிடங்கள் எழுப்பலாகாது என்றிருப்பதால், பல இடங்களில் வேலி நம் நிலத்திலேயே உள்ளடங்கி நிற்கிறது. வேலிக்கு அப்பாலும் நம்மவர்களின் வயல்கள் உண்டு. கதவு திறக்கும் நேரத்துக்குக் காத்திருந்து, அடையாளச் சீட்டைக் காட்டி, கலப்பையோடு போய், கதவு மூடுமுன் திரும்பும் குடியானவன் தினந்தோறும் தேசத்துக்காக ஒரு வரி செலுத்துகிறான். அதற்குப் பிரதியாக அவனுக்கு நாம் தருவது என்ன?

1962-ம் வருஷத்து யுத்தத்தின் பாடத்தைக் கொண்டு, மறு வருஷமே எல்லை ஜனங்களின் மனோதிடத்தை வளர்ப்பதற்கென்று ஒரு விசேஷ ஸ்தாபனம் ஏற்பட்டது. பிற்காலத்தில் அதுவே நேபாள, பூட்டான் எல்லைகளைக் காக்கும் படையாக மாறிற்று. ஜனங்களின் மனத்தைக் காக்கும் வேலை பின்னுக்குப் போயிற்று. 2023-ல் ஆரம்பித்த வடக்கு எல்லைக் கிராம அபிவிருத்தித் திட்டம் 4,800 கோடி ரூபாய் செலவில் சாலை, மின்சாரம், ஜீவனோபாயம் ஆகியவற்றை அளிக்கப் புகுந்தது இந்தக் குறையை ஓரளவு நிவர்த்திக்கும். எல்லைக் கிராமம் காலியாகிவிட்டால், அங்கே கவரிமாட்டைத் தேடி மலையேற எவரும் இருக்கமாட்டார்.

ஆகவே நாம் கோருவது இவ்வளவே. சட்டம் கடுமையாக இருக்கட்டும். ஆனால் சந்தேகத்துக்கு ஆதாரம் காட்டும் பொறுப்பு அதிகாரிக்கு இருக்கட்டும். படையின் கை நீளட்டும். ஆனால் ராஜ்ய சர்க்காரின் கையோடு சேர்ந்து நீளட்டும். யந்திரங்கள் பெருகட்டும்; அவற்றுக்குச் செலவிடும் கவலையில் ஒரு பங்காவது வேலிக்கு அப்பால் உழுகிறவனுக்குக் கிடைக்கட்டும். தகவல் சொல்ல வந்த குடியானவனை வாசலில் நிறுத்தி விரட்டும் காவல் நிலையம், பகைவனுக்கு ஒரு கதவைத் திறந்து விடுகிறது. எல்லையோரத்துச் சகோதரன் தன்னைச் சந்தேகிக்கப்படுபவனாக அல்ல, தேசத்தின் காவலனாக எண்ணும் நாளில்தான் நமது எல்லை உண்மையில் பலப்பட்டதாகும். அந்த நாளை விரைவில் கொண்டுவருவது சர்க்காரின் கடமை. அதை இடைவிடாமல் வற்புறுத்துவது பொதுஜன ஊழியர்களின் கடமை.