எலும்பும் பொருள்கோளும்: மயோர்க்காக் குகைகளின் வழி அழிந்த தீவு விலங்கொன்றை அறிதல்

ஆய்வுச்சுருக்கம்

மத்தியதரைக் கடலின் மேற்பகுதியில் உள்ள பலேரிக் தீவுகளில் வாழ்ந்து அழிந்த மயோட்ராகஸ் என்னும் ஆட்டினம் குகை எச்சங்களின் வழியாகவே அறியப்பட்டது. அவ்வெச்சங்கள் எவ்வாறு பாதுகாக்கப்பட்டன, அவற்றிலிருந்து விலங்கின் வாழ்க்கை எவ்வாறு மீட்டுணரப்பட்டது, ஒரே சான்று இருவேறு முடிவுகளுக்கு எவ்வாறு இட்டுச்சென்றது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

முன்னுரை

அழிந்துபட்ட விலங்கை ஆராய்வோர்க்குக் கிடைப்பன எலும்பு, பல், கொம்பு, புழுக்கை, காலடித் தடம் ஆகிய எச்சங்களே. இவற்றைக் குறிக்கத் தமிழில் ‘புதைபடிவம்’, ‘தொல்லுயிர் எச்சம்’ என்னும் சொற்கள் வழங்குகின்றன. முன்னது புதைதலையும் படிதலையும் உணர்த்துவது. கல்லாக மாறிய பொருள் என்னும் எண்ணத்தையே பெரும்பாலும் தோற்றுவிப்பது. ஆயின் குகைகளில் கிடைக்கும் சில ஆயிரம் ஆண்டு முந்தைய எலும்புகள் பல முழுமையாகக் கல்லாகாதவை. கொலாஜன் புரதத்தையும் சிதைந்த மரபணுக்களையும் இன்னும் தாங்கி நிற்பவை. ஆதலின் இத்தகைய பொருள்களுக்குத் ‘தொல்லுயிர் எச்சம்’ என்பதே பொருத்தமான ஆட்சியாகும். இவ்வேறுபாடு சொல்லளவில் நிற்பதன்று. எலும்பில் எஞ்சிய கொலாஜனே அதன் காலத்தைக் கணிக்கத் துணைசெய்வது என்பது பின்னர்ப் புலப்படும்.

குகையும் தீவும்

குகைகளுள் எலும்புகளைச் சிறப்பாகக் காப்பவை சுண்ணாம்புப் பாறைக் குகைகள். திறந்த வெளியில் கிடக்கும் எலும்பு வெயிலாலும் மழையாலும் பிற விலங்குகளாலும் விரைவில் அழிகிறது. மண்ணில் அமிலத்தன்மை மிகுந்தால் புதைந்த எலும்பும் கரைந்துபோகும். குகையினுள்ளே வெப்பநிலை பெரிதும் மாறுவதில்லை. சுண்ணாம்புச் சத்து நிறைந்த நீர் அமிலத்தைத் தணிக்கிறது. சொட்டும் நீரிலிருந்து உருவாகும் சுண்ணப் படிவு எலும்புகளின் மேல் மூடிபோல் அமைகிறது. அப்படிவின் வயதை யுரேனியம்-தோரியம் முறையால் கணிக்க இயலும். படிவு மூடிய எலும்பு அதனினும் முந்தையது என்று துணியலாம்.

குகைச் சான்றுக்கு ஓர் இடர்ப்பாடும் உண்டு. வெள்ளத்தாலும் வளை தோண்டும் விலங்குகளாலும் பின்னாளைய மனிதர் தோண்டிய குழிகளாலும் மண்ணடுக்குகள் கலந்துவிடுகின்றன. எனவே ஒரே அடுக்கில் அருகருகே கிடப்பவை ஒரே காலத்தவை என்று உடனே கொள்ளலாகாது. ஏட்டுக் கட்டொன்றில் இடம்மாறிச் சேர்ந்த ஏட்டை அக்கட்டுக்குரிய நூலின் பகுதியென்று கொள்வதற்கு இது நிகரான பிழையாகும்.

தீவின் சிறப்பு வேறுவகைப்பட்டது. கடலால் பிரிக்கப்பட்ட நிலத்தை அடையும் விலங்கினங்கள் மிகச் சில. அங்கே பகை விலங்குகளும் போட்டியும் குறைவு. உணவும் ஓர் எல்லைக்கு உட்பட்டது. இந்நிலையில் பேருருவ விலங்குகள் தலைமுறைதோறும் சிறுத்தலும் சிற்றுயிர்கள் பெருத்தலும் நிகழ்கின்றன. கிரீட் தீவில் வாழ்ந்த மாமத யானை இதற்குத் தக்க சான்று. டொரோதியா பேட் 1907இல் விளக்கிய அவ்வினத்தின் எச்சங்களை விக்டோரியா ஹெரிட்ஜ், அட்ரியன் லிஸ்டர் ஆகியோர் 2012இல் மீளாய்வு செய்தனர். வளர்ந்த விலங்கின் தோளுயரம் ஏறத்தாழ 1.13 மீட்டர் மட்டுமே என்று அவர்கள் கணித்தனர்.

டொரோதியா பேட்டின் கண்டுபிடிப்பு

டொரோதியா பேட் (1878–1951) வேல்சு நாட்டில் பிறந்தவர். 1898இல் இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பறவைத் தோல்களை வகைப்படுத்தும் பணியில் சேர்ந்தார். சைப்பிரசு, கிரீட் ஆகிய தீவுகளின் குகைகளில் குட்டை நீர்யானை, குட்டை யானை ஆகியவற்றின் எச்சங்களைத் திரட்டிய பின்னர், 1909இல் மயோர்க்காத் தீவை ஆராய்ந்தார். அங்குக் கிடைத்த தாடையெலும்பில் விந்தையான அமைப்பொன்று காணப்பட்டது. ஆட்டினத்துக்குரிய கடைவாய்ப் பற்களோடு, எலிபோன்ற கொறிவிலங்குகளுக்கு உரியதாய் வாழ்நாள் முழுதும் வளரும் வெட்டுப்பற்கள் கீழ்த்தாடையின் முன்புறத்தே அமைந்திருந்தன. இவ்விரு கூறுகளையும் இணைத்து, கிரேக்க மொழியில் ‘எலி ஆடு’ எனப் பொருள்படும் மயோட்ராகஸ் என்னும் பெயரை அவர் சூட்டினார். பின்னர் அறியப்பட்ட, அவ்வாட்டின் முன்னோரினம் ஒன்று அவர் நினைவாக ‘மயோட்ராகஸ் பேட்டி’ எனப் பெயர் பெற்றது.

எச்சங்கள் காட்டும் வாழ்க்கை

மத்தியதரைக் கடல் பெருமளவு வற்றியிருந்த காலத்தில் இவ்வாட்டின் முன்னோர் பெருநிலத்திலிருந்து பலேரிக் பகுதியை அடைந்தனர் என்று கருதப்படுகிறது. ஏறத்தாழ 53 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பு கடல் மீண்டும் நிறைந்தபோது அவை தீவில் தனித்தன. மனிதர் வரும்வரை அங்கு அவற்றோடு நெடுங்காலம் வாழ்ந்த பாலூட்டிகள் பெரிய கொறிவிலங்கு ஒன்றும் மூஞ்சூறு ஒன்றுமே. ஆட்டை வேட்டையாடும் நிலப் பாலூட்டி எதுவும் இல்லை.

இச்சூழலின் சுவடுகள் எலும்புகளில் பதிந்துள்ளன. பெரும்பாலான ஆடுகளுக்குக் கண்கள் தலையின் இருபுறமும் அமைந்து, பின்னால் வரும் பகையையும் காண உதவுகின்றன. மயோட்ராகஸ் ஆட்டின் கண்குழிகள் முன்னோக்கியவை. அதன் கால்கள் குட்டையானவை. விரைந்தோடவும் தாவவும் ஏலாதவை. தோளுயரம் ஏறத்தாழ 50 செ.மீ. மட்டுமே. மண்டையோட்டின் உட்பரப்பை அளந்த மைக்கே கோலர், சால்வடோர் மோயா சோலா ஆகியோர், ஒத்த எடையுள்ள இன விலங்குகளின் மூளையில் ஏறத்தாழப் பாதியளவே இதற்கு இருந்தது என 2004இல் காட்டினர். எலும்பின் குறுக்குவெட்டில் காணப்பட்ட வளர்ச்சி வளையங்களைக் கொண்டு, ஊர்வனபோல் வளர்ச்சியை நிறுத்தியும் தொடர்ந்தும் இது வாழ்ந்தது என 2009இல் அவர்கள் விளக்கினர். உணவு அருகும் பருவத்தில் ஆற்றலைச் சேமிக்கும் வழி இது. பகையற்ற நிலத்தில் மூளையும் கண்ணும் விரைவும் செலவினங்களாயின. சிக்கனம் வாழ்வுக்கு உறுதுணையாயிற்று.

குகையொன்றில் கிடைத்த புழுக்கைகளும் சான்றாயின. அவற்றிலிருந்த மகரந்தத்தைக் கொண்டு, நச்சுத்தன்மையுடைய பாக்ஸ் என்னும் புதர்ச்செடியை இவை மிகுதியாக உண்டமை தெரியவந்தது. எலும்பில் எஞ்சிய மரபணுக்களை ஆராய்ந்த 2019ஆம் ஆண்டு ஆய்வு, இதன் நெருங்கிய உறவு இமயமலைச் சாரலில் இன்றும் வாழும் டாக்கின் என்னும் விலங்கே என்று காட்டியது.

ஒரு சான்றும் இரு பொருள்கோளும்

1960களில் மயோர்க்காவின் முலேட்டாக் குகையை வில்லியம் வால்ட்ரன் அகழ்ந்தார். அவர் ஆராய்ந்த மயோட்ராகஸ் கொம்புகளின் உள்ளெலும்புகள் சில, வெட்டிச் சீராக்கப்பட்டவைபோல் கவை வடிவில் காணப்பட்டன. பாறைப் புகலிடம் ஒன்றில் புழுக்கைகள் தடித்த அடுக்காகக் குவிந்திருந்தன. மனிதர் இவ்வாடுகளைப் பட்டியில் அடைத்துக் கொம்பைத் தறித்து வளர்த்தனர் என்னும் கருத்து இவற்றிலிருந்து உருவாயிற்று. பாடநூல்களிலும் அது இடம்பெற்றது.

டாமியா ரமிஸ், பேரே போவர் ஆகியோர் 2001இல் இச்சான்றுகளை மீளாய்வு செய்தனர். தாதுச்சத்துக் குறையுள்ள நிலங்களில் ஆடும் மானும் இறந்த விலங்கின் எலும்பையும் கொம்பையும் மெல்லுவது இன்றும் காணப்படும் வழக்கம். அவ்வாறு மெல்லப்பட்ட எலும்பு இருபுறமும் தேய்ந்து கவை வடிவம் பெறுகிறது. கத்தியின் செயலெனக் கொள்ளப்பட்டது இவ்விலங்குகளின் பற்கள் செய்ததே என்பது அவர்கள் முடிவு. மனிதர் அடைத்து வைக்காமலே ஆடுகள் பாறை நிழலில் தங்குதலும் புழுக்கை குவிதலும் இயல்பே.

இவ்விரு பொருள்கோள்களுக்கும் இடையே பெரிய வரலாற்று வேறுபாடு உள்ளது. முதலாவதன்படி, மனிதரும் இவ்வாடுகளும் நெடுங்காலம் உடனுறைந்தனர். மனிதர் அவற்றைப் பேணியவர். பின்னைய காலக்கணிப்புகளோ, கடைசி மயோட்ராகஸ் எலும்புகளையும் ஐயத்துக்கிடமற்ற முதல் மனிதக் குடியேற்றச் சான்றுகளையும் கி.மு. 3ஆம் ஆயிரத்தாண்டிலேயே சேர்த்து வைக்கின்றன. இரண்டுக்கும் இடையே எஞ்சுவது சில நூற்றாண்டு இடைவெளி மட்டுமே. மனிதர் வேட்டையாடினர் என்பதற்கு நேரடிச் சான்று உறுதியாக நிறுவப்படவில்லை. ஆயினும் பனியூழிகளின் மாற்றங்கள் பலவற்றையும் தாங்கி 50 இலட்சம் ஆண்டுகளுக்கு மேல் நிலைத்த மரபு, மனிதர் வருகையை ஒட்டிய காலத்திலேயே அற்றுப்போனமை தற்செயலென்று கொள்வதற்கில்லை. வேட்டையும் மனிதருடன் வந்த நாயும் வளர்ப்பு ஆடும் நோயும் காரணங்களாகச் சுட்டப்படுகின்றன. பேணியவராகக் கருதப்பட்ட மனிதர், மறுவாசிப்பில் அழிவுக்குக் காரணராக ஐயுறப்படுகின்றனர்.

பெருநிலக் குகையோடு ஓர் ஒப்பீடு

இம்முடிவின் எல்லையை அறியப் பெருநிலக் குகையொன்றை ஒப்பிடுதல் தகும். அன்றைய சென்னை மாகாணத்தின் கர்நூல் பகுதியில் உள்ள பில்லசுர்க்கம் குகைகளை நியூபோல்டு 1844இல் வெளிப்படுத்தினார். 1863இல் பல்லாவரத்தில் பழங்கற்காலக் கருவியைக் கண்டெடுத்த இராபர்ட் புரூஸ் ஃபூட் 1880களில் இவற்றை அகழ்ந்தார். இக்குகைகளை மீண்டும் ஆராய்ந்து 2014இல் வெளியான ஆய்வு, அடையாளம் காணப்பட்ட 21 பாலூட்டி வகைகளுள் 20 குறைந்தது 1,00,000 ஆண்டுகளாக இந்தியத் துணைக்கண்டத்தில் தொடர்ந்து வாழ்ந்து வருவதைக் காட்டியது. இங்கும் மனிதர் நெடுங்காலம் வாழ்ந்தனர். ஆயின் ஓரிடத்தில் அற்றுப்போன இனம் வேறோரிடத்தில் ஒதுங்கி நிலைக்கப் பெருநிலத்தில் வாய்ப்புண்டு. தீவில் ஒதுங்க வேறு நிலம் இல்லை. மனிதர் வாழ்ந்த நிலம் யாவற்றிலும் ஒரே விளைவு நேர்ந்ததென்று கொள்ளலாகாது என்பதை இவ்வொப்பீடு உணர்த்துகிறது.

முடிவுரை

மயோட்ராகஸ் ஆய்விலிருந்து மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, குகை எலும்பைக் காக்கிறதேயன்றி அதன் வைப்புமுறையைக் காப்பதாகக் கொள்ள இயலாது. எனவே எலும்பின் காலம் எலும்பிலிருந்தே நேரடியாகக் கணிக்கப்பட வேண்டும். இரண்டாவது, மனிதச் செயலென்று ஒரு தடத்தைக் கொள்ளுமுன் இயற்கையில் அத்தடம் உண்டாகுமா என்று ஆராய்தல் வேண்டும். மூன்றாவது, பகையற்ற சூழலுக்கு முற்றும் பொருந்திய உடலமைப்பே புதிய பகை வந்தபோது அழிவுக்கு வழியாயிற்று. முன்னோக்கிய கண்ணும் குறுகிய காலும் 50 இலட்சம் ஆண்டுகள் குறையாக இருந்ததில்லை. மனிதர் கரையேறிய பின்னரே அவை குறைகளாயின.