எலியில் ஜெயித்த மாத்திரை, மனிதர்களிடம் தோத்துச்சா?

"எலிகளுக்கு நோய் குணமானது"னு அடிக்கடி செய்தி பாக்குறோம். அப்புறம் அந்த மருந்து என்ன ஆகுது? இன்னைக்கு லோசார்டானோட கதை. ஆமா, பல வீடுகள்ல பிபிக்குப் போடுற அதே மாத்திரைதான்.

முதல்ல நோயைப் பாத்துடுவோம். இதயத்துல இருந்து கிளம்புற பெரிய ரத்தக் குழாய் பெருந்தமனி. அதோட சுவருக்கு வலு குடுக்குற புரதங்கள்ல ஒண்ணு ஃபைப்ரில்லின்-1. அந்தப் புரதத்துக்கான ஜீன்ல பிழை இருந்தா வர்றது மார்ஃபன் சிண்ட்ரோம். அப்பா, அம்மால ஒருத்தருக்கு இருந்தா, ஒவ்வொரு குழந்தைக்கும் வர 50 சதவீத வாய்ப்பு. பெருந்தமனியோட அடிப்பகுதி கொஞ்சம் கொஞ்சமா வீங்கும். கிழிஞ்சா உயிருக்கே ஆபத்து.

இதுக்கு ரொம்ப காலமா குடுத்தது பீட்டா பிளாக்கர். ரத்தம் சுவர்ல மோதுற வேகத்தைக் குறைக்கும். நம்ம பாஷையில சொன்னா, பக் அப்படியே இருக்கு, சர்வர் லோடை மட்டும் குறைக்கிறோம்.

2006-ல ஜான்ஸ் ஹாப்கின்ஸ்ல ஹால் டீட்ஸோட குழு, பக் இருக்குற இடத்துக்கே போகப் பாத்தாங்க. இந்த நோய்ல டிஜிஎஃப்-பீட்டாங்கிற சிக்னல் எல்லை மீறுது, லோசார்டான் அதை அடக்கும்னு அவங்க கணிப்பு. மார்ஃபன் எலிகளுக்குக் குடுத்தாங்க. பெருந்தமனி சாதாரண எலிகள்ல வளர்ற மாதிரியே வளர்ந்துச்சு! பீட்டா பிளாக்கர் சாப்பிட்ட எலிகள்ல வீக்கம் மெதுவாச்சு, ஆனா சுவரோட சிதைவு நிக்கல.

எதிர்பார்ப்பு எகிறிடுச்சு. 2014-ல 608 குழந்தைகள், இளைஞர்கள்கிட்ட மூணு வருஷம் நடத்துன சோதனை முடிவு வந்துச்சு. லோசார்டானா, அட்டெனலால்ங்கிற பீட்டா பிளாக்கரா? பெரிய வித்தியாசமே இல்லை.

அப்போ லோசார்டான் ஃபெயிலா? இங்கதான் கவனிக்கணும். ஏ/பி டெஸ்ட்ல ரெண்டும் டை ஆனா, ரெண்டுமே வேலை செய்யலைனு அர்த்தம் இல்லை. உடம்பு வளர்ச்சியோட ஒப்பிட்டா, ரெண்டு குழுவுலயும் பெருந்தமனி அளவு குறைஞ்சுதான் இருந்துச்சு. அங்க மருந்தே சாப்பிடாத மூணாவது குழு கிடையாது.

2022-ல 7 சோதனைகளோட தரவை ஒண்ணா சேர்த்துப் பாத்தாங்க, மொத்தம் 1442 பேர். லோசார்டான் வகை மருந்து சாப்பிட்டவங்களுக்கு, அது சாப்பிடாதவங்களைவிட வீக்கம் பாதி வேகத்துலதான் போச்சு. ஏற்கெனவே பீட்டா பிளாக்கர் சாப்பிடுறவங்களுக்கும் கூடுதல் பலன் தெரிஞ்சுது.

ஆக, எலி பொய் சொல்லல. ஆனா எலியில நின்ன வீக்கம், மனுஷங்ககிட்ட வேகம்தான் குறைஞ்சுது. அடுத்த தடவை இப்படி ஒரு செய்தி பாத்தா ரெண்டு கேள்வி கேளுங்க: யாருகிட்ட சோதிச்சாங்க? எதோட ஒப்பிட்டாங்க?

ஒரு முக்கியமான விஷயம். குடும்பத்துல யாருக்காவது மார்ஃபன் இருந்தா, இதய டாக்டரைப் பாத்து எக்கோ எடுத்துடுங்க. மாத்திரையை நீங்களா ஆரம்பிக்காதீங்க. அடுத்த எபிசோட்ல பாக்கலாம்!